புறப்படும் நாகம்

(மர நாகங்கள் குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லில் செதுக்கிய நாகத்தைப் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க முடியாது. அரசும் வேம்பும் பின்னி வளர்ந்த மேடை, அதன்மேல் வரிசையாக நாகக் கற்கள், மஞ்சள், குங்குமம், பால் வழிந்து காய்ந்த தடம். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இது கண்ணில் படும். மரத்தில் செதுக்கிய நாகத்தையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் பார்த்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அதன்மேல் சுவாமி எழுந்தருளியிருந்தார், நம் கண்ணும் கையும் அவரை நோக்கியே இருந்தன. அவரைத் தாங்கி வந்த நாகத்தைச் செதுக்கியவர் யார், எந்த மரத்தில், எப்படிச் செதுக்கினார் என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? தோன்ற வேண்டியதும் இல்லை. ஆனால் திருவிழா முடிந்த பிறகாவது அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. கல் நாகம் இருந்த இடத்தில் இருப்பது. மர நாகம் புறப்படுவது. புறப்படுவதற்காகவே செய்யப்பட்ட உருவத்தை, நின்ற இடத்தில் நிற்கும் சிலையைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தால் அதன் அருமை தெரியாது. தெரியாததால்தான் அதை இழந்துகொண்டிருக்கிறோம்.

முதலில் கல்லைப் பற்றிக் கொஞ்சம். பிள்ளை வரம் வேண்டியோ, நாக தோஷம் நீங்கவோ நேர்ந்துகொண்டு கல் செய்து, அதை நீரில் இட்டு வைத்து, பிறகு எடுத்து மரத்தடியில் நிறுவுவது வழக்கம். நிறுவிய பிறகு அதை யாரும் அசைப்பதில்லை. மேடையைப் புதுப்பிக்கிறபோதுகூட அந்தக் கல்லைத் தொடப் பயப்படுவார்கள். நாகம் நிலத்துக்கு உரியது, புற்றுக்கு உரியது, நீருக்கு உரியது. அதன் இடத்தை மாற்றக் கூடாது என்பது ஆழமாக ஊன்றிய நம்பிக்கை. நாகர்கோவில் நாகராஜா கோயிலைப் பாருங்கள். எத்தனையோ திருப்பணிகள் நடந்த கோயில். ஆனால் மூலவர் இருக்கும் கருவறைக்கு இன்றைக்கும் ஓலைக்கூரைதான். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அதைப் பிரித்துப் புதிதாக வேய்கிறார்கள். நாகர் நிலையானவர், அவர்மேல் உள்ள கூரை ஆண்டுக்கொருமுறை புதிதாவது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

நாக வழிபாட்டைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கல்லில் தொடங்கிக் கல்லிலேயே முடித்துக்கொண்டார்கள். 1868-இல் ஜேம்ஸ் ஃபெர்குசன் மர வழிபாட்டையும் பாம்பு வழிபாட்டையும் சேர்த்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். சாஞ்சி, அமராவதி இரண்டு இடங்களின் கற்சிற்பங்களே அதற்கு அடிப்படை. அவரைக் குறை சொல்லவில்லை. கல்தான் மிஞ்சியது, கல்லைத்தான் அவர் பார்க்க முடிந்தது. ஆனால் கல்லுக்கு முன்னால் நம்மிடம் மரம் இருந்தது. மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டிவைத்த கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் சேர்க்காமல் ஒரு கோயில் எடுத்ததை வியப்போடு அறிவிக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அறிவிக்கத்தக்க புதுமை என்றால், அதுவரை கோயில் என்பது மரமும் செங்கல்லுமாகத்தான் இருந்தது என்று பொருள். இன்றும் கல் தூணின் சதுரம் எட்டுப்பட்டையாக மாறும் மூலைகளில் சிறிய படமெடுத்த உருவம் ஒன்று இருக்கும். நாகபந்தம் என்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் மரத்தூணிலும் அதே நாகபந்தத்தைக் காணலாம். தச்சன் உளிக்கும் கல்தச்சன் உளிக்கும் உள்ள உறவை அந்தச் சிறு மூலை சொல்லிவிடும்.

இனி வாகனத்துக்கு வருகிறேன். என் பேச்சின் பெரும்பகுதி இதுதான்.

திருமலை பிரம்மோற்சவத்தில் முதல் நாள் இரவு பெரிய சேஷ வாகனம், மறுநாள் காலை சின்ன சேஷ வாகனம். பெரியதற்கு ஏழு தலை, அது ஆதிசேஷன். சின்னதற்கு ஐந்து தலை, அது வாசுகி என்பது மரபு. திருவரங்கத்தில் நம்பெருமாள் சேஷ வாகனத்தில் வீதி வருகிறார். திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத் திருவிழாவில் சந்திரசேகரர் நாக வாகனத்தில் எழுந்தருளுகிறார். மயிலைப் பங்குனிப் பெருவிழாவிலும் நாக வாகனம் உண்டு. அம்மன் கோயில்களைச் சொல்லவே வேண்டாம். சில இடங்களில் மரத்தின்மேல் வெள்ளித் தகடோ தங்க முலாம் பூசிய தகடோ போர்த்தியிருக்கும், பல இடங்களில் வண்ணம் மட்டும். உள்ளே இருப்பது மரம்.

சைவ, வைணவக் கோயில்களில் இந்த நாகம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதன் பொறுப்பு வேறு. பெருமாள் கோயிலில் சேஷன் ஓர் ஆள், வைகுண்டத்தில் என்றும் உடனிருக்கும் நித்தியசூரி. முதல் திருவந்தாதியில் பொய்கையாழ்வார் காட்டுகிற ஓயாத் தொண்டன் அவன். பின்னாளில் இராமானுசராக அவதரித்தவனும் அவனே என்று வைணவர்கள் கொண்டாடுவார்கள். அதனால்தான் சில பெருமாள் கோயில் வாகனங்களில் படத்துக்குக் கீழே மனித முகமும் கூப்பிய கைகளும் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். வாகனமே தரிசிக்கிறது, வாகனமே தொழுகிறது. சிவன் கோயிலில் நாகம் இறைவனின் உடம்பில் கிடக்கிற அணி. கழுத்திலும் கையிலும் இடையிலும் இருப்பது ஒருநாள் பெரிதாகிக் கீழே வந்து ஆசனமாகிறது. இந்த இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிடக் கூடாது. தேர்ந்த சிற்பியின் கையில் இவை ஒன்றுபோல வரவும் வராது.

ஓர் ஐந்து தலை வாகனத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். பெரும்பாலானவற்றில் உடல் இரண்டு மூன்று சுற்றாகச் சுருண்டு பீடமாகிறது. அதன்மேல் உற்சவர் அமர்கிறார். கழுத்து அவருக்குப் பின்னால் எழுந்து நிற்கிறது. படங்கள் அகல விரிந்து, சற்றே முன்னால் சாய்ந்து, அவர் தலைக்குமேல் குடையாகக் கவிகின்றன. பார்வைக்கு இது அழகு. தச்சனுக்கோ பெரும் சிக்கல். எடையெல்லாம் மேலே, முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதைத் தாங்கும் கழுத்து குறுகலானது, பின்பக்கத்தில் இருக்கிறது. கல் சிலையென்றால் நிறுவியதோடு கவலை விட்டது. இதுவோ தோளில் ஏறப் போகிறது. மேடு பள்ளமான வீதியில் குலுங்கப் போகிறது. பூமாலைகளின் ஈர எடை ஏறப் போகிறது. திரும்பும்போது ஒரு பக்கம் சாயப் போகிறது. இத்தனைக்கும் பிறகு படத்தின் ஓரம் ஒடியக் கூடாது.

இதற்குத் தச்சர்கள் கண்ட வழி மரத்தின் நாரோட்டத்தில் இருக்கிறது. நடுத்தலையின் கழுத்தும் படமும் ஒரே கட்டையில் வரும். நார் கீழிருந்து மேலாக ஓடும்படி கட்டையைத் தேர்வார்கள். அப்போது கழுத்து வலுவாக இருக்கும். பக்கத்துத் தலைகள் வெளிப்புறமாகச் சாய்கின்றன. அவற்றையும் அதே கட்டையில் வெட்டினால் நார் குறுக்கே அறுபட்டுவிடும், அந்த இடத்தில் ஒருநாள் ஒடியும். ஆகவே அவற்றுக்குத் தனிக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நார் அந்தந்தத் தலை சாயும் திசையிலேயே ஓடும். பிறகு காடி வெட்டி, நாக்கு இறக்கி, மர ஆணி அடித்து நடுக்கழுத்தோடு சேர்ப்பார்கள். கழுத்தின் அடி பீடத்துக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். நன்றாகச் செய்த பழைய வாகனத்தில் இணைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். செதில் வரிகள் இணைப்பின்மேல் தொடர்ந்து ஓடும்படி செதுக்கி அதை மறைத்திருப்பார்கள்.

மரத்தைத் தேர்வதிலும் கண்டிப்பு உண்டு. மரத்தின் வெளிப்பகுதியான வெளிறு ஆகாது, வைரம் பாய்ந்த உட்பகுதி வேண்டும். நடுத்தண்டு உள்ள கட்டை காயக் காயப் பிளக்கும், அதுவும் ஆகாது. நிழலில் போட்டு நிதானமாகக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால், செதுக்கி முடித்து வண்ணமும் பூசிய பிறகு நெற்றியில் வெடிப்பு விழும். வாச்சியால் உருவைக் கரடாகக் கொத்தி எடுத்து, பிறகு உளிக்கும் கொட்டாப்புளிக்கும் வருவார்கள். அகன்ற உளியில் தொடங்கி நுனி மெலிந்த உளியில் முடிப்பார்கள். கடைசியாகக் கண். புதிய வாகனத்துக்குக் கண் திறப்பதைச் சடங்காகவே செய்கிறார்கள். அதுவரை அது தச்சுப்பட்டறையில் உள்ள ஒரு வேலை. அதன் பிறகு அதில் காலால் தெரியாமல் இடித்துவிட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

வாகனத்தின் அழகு அது பார்க்கப்படும் நிலையில் இருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வாகன மண்டபத்தில் தரையில் கிடக்கும்போது நாகத்தின் கண்கள் துருத்திக்கொண்டு, தாடை கனமாக, செதில்கள் தேவைக்குமேல் ஆழமாக வெட்டப்பட்டது போலத் தெரியும். முரட்டு வேலை என்று நினைத்துவிடுவோம். அதையே தோளில் ஏற்றி, தீவட்டி வெளிச்சத்தில், கீழே வீதியில் நின்று அண்ணாந்து பாருங்கள். துருத்திய கண் நம்மைப் பார்க்கும். கனத்த தாடை அளவாகிவிடும். ஆழமாக வெட்டிய செதில்களில் நிழல் தேங்கி, தீவட்டி அசைய அசைய உடல் நெளியும். இருளையும் அசையும் ஒளியையும் கணக்கில் வைத்துச் செய்த வேலை அது. படத்தின் பின்பக்கத்தையும் விடாமல் செதுக்கியிருப்பார்கள். சுவாமி நம்மைக் கடந்து போன பிறகு நாம் பார்த்துக்கொண்டு நிற்பது அந்தப் பின்பக்கத்தைத்தானே! சுவரோடு ஒட்டி நிற்கிற கற்சிலைக்கு முதுகு வேண்டியதில்லை. வீதியில் போகிற நாகத்துக்கு முதுகும் முகம்.

இந்த அசைவை முழுமையாக்குகிறவர்கள் தாங்கிகள். ஸ்ரீபாதந்தாங்கிகள் என்று மரியாதையோடு அழைக்கிறோம். திருவரங்கத்தில் நம்பெருமாள் மூலஸ்தானத்திலிருந்து புறப்படும்போது சிம்ம கதி, திரும்பி உள்ளே போகும்போது சர்ப்ப கதி என்ற நடை உண்டு. சிங்கம் குகையைவிட்டு வெளியே வருகிற எடுப்பில் வந்தவர், பாம்பு புற்றுக்குள் நுழைகிற நெளிவோடு உள்ளே போகிறார். அந்த நெளிவு முழுக்கத் தாங்கிகளின் காலிலும் தோளிலும் இருக்கிறது. மரத்தில் செய்த பாம்பின் அசைவில் சிற்பி பாதி செய்கிறார், மீதியைத் தூக்குகிறவர் செய்கிறார். எந்த அருங்காட்சியகத்தாலும் காட்ட முடியாத மீதி அது.

நாகத்தின் எதிரிகளும் வாகனங்களே. மயில் வாகனத்தின் அலகிலோ காலடியிலோ ஒரு பாம்பு இருக்கும். குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். கருடன் உடம்பிலும் நாகங்களே அணிகலன்கள். அனந்தன், வாசுகி, தட்சகன், கார்க்கோடகன், பத்மன், மகாபத்மன், சங்கபாலன், குளிகன் என எண்மர். ஒரு நல்ல கருட வாகனத்தில் இந்த நாகங்களைச் சிற்பி எப்படிச் செதுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். மாலையாகக் கிடக்கும், தோள்வளையாகச் சுற்றியிருக்கும், காதில் தொங்கும். ஆனால் ஒன்றாவது சோர்ந்து கிடக்காது. தலை தூக்கிப் படமெடுத்தே இருக்கும். பகைவன் மேல் அணியாகக் கிடந்தாலும் நாகத்தின் மதிப்பைக் குறைக்கக் கூடாது என்கிற நுட்பம் அது. எனக்கு இந்த மரபில் மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று.

கல் நாகம் அசையாது, மர நாகம் புறப்படும் என்றேன். கருடனைப் பற்றிப் பேசும்போது உங்களில் சிலர் நாச்சியார்கோவிலை நினைத்திருப்பீர்கள். அங்கே கல் கருடனே வீதிக்கு வருகிறார், அவர் மேனியிலும் நாகங்கள் உண்டு. நான்கு பேர் தூக்கத் தொடங்கி எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆட்கள் இரட்டித்துக்கொண்டே போகிறார்கள். கல் புறப்படுவது அவ்வளவு பெரிய அதிசயமாகக் கொண்டாடப்படுகிறது என்பதே, புறப்பாடு மரத்தின் வேலை என்பதற்குச் சான்று.

தேருக்குப் போவோம். தேரில் நாகம் சுமப்பதில்லை, கதையாக நிற்கிறது. பூதப்பார் முதல் தேவாசனம் வரை உள்ள அடுக்குகளில் சாண் அளவும் முழ அளவுமாகப் பலகைகள். இலுப்பை, வேங்கை, தேக்கு. அவற்றில் சிற்பத்துக்கு இலுப்பையைத் தச்சர்கள் விரும்புவார்கள். வெயிலையும் மழையையும் தாங்கும். பாம்பணையில் பள்ளிகொண்டவர், பாற்கடலைக் கடையக் கயிறான வாசுகி, இடுப்புக்குக் கீழே பாம்பான பதஞ்சலி, நாககன்னியர் என்று தேடித் தேடிப் பார்க்கலாம். பெருமாள் கோயில் தேர்களில் காளிங்க நர்த்தனப் பலகை இருந்தால் அதன் எதிரே கொஞ்சம் நின்று பாருங்கள். பொதுவாக ஒரு கால் படத்தின்மேல், ஒரு கால் தூக்கியது, ஒரு கை வாலைப் பிடித்திருக்கும். சிறிய பலகை, இடம் போதாது. ஆகவே வால் கண்ணனின் கைவரை ஒரே வளைவாகப் போய்ப் பலகையின் சட்டமாகவே மாறிவிடுகிறது. கீழே படம், பக்கவாட்டில் உடல், மேலே வால். குழந்தை அந்தப் பாம்புக்குள்ளேயே ஆடுகிறது. அடக்கப்பட்டவனே ஆடுகிறவனுக்கு அரங்கமும் ஆகிறான். இதைக் கதையாகச் சொல்ல எவ்வளவு சொற்கள் வேண்டும்! ஒரு தச்சர் பலகை போதாத நெருக்கடியில் அதைச் செய்து முடித்துவிட்டார்.

திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் எரிந்துபோனது. புதிய தேர் செய்து 1930-இல் ஓடவிட்டார்கள். மரத்தோடு வாழ்கிறவர்களுக்கு இது தெரிந்த துயரம். நெருப்பு, நீர், கரையான் மூன்றில் ஒன்று வந்தே தீரும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மூலமூர்த்தி முதலில் இலுப்பை மரத்தில் ஆனது என்பது மரபு. அனந்தன்மேல் பள்ளிகொண்ட கோலம். 1686-இல் பெருந்தீயில் கோயில் பாதிக்கப்பட்டது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் சாளக்கிராமங்களை உள்ளே வைத்துக் கடுசர்க்கரை என்ற கலவையால் இப்போதுள்ள பெரிய திருமேனியை அமைத்தார்கள். கரையானைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாகம் குடியிருக்கிற புற்றைக் கட்டித் தருவது கரையான். மர நாகத்துக்கு முதல் எதிரியும் அதுவே. வெளிறு கலந்த கட்டையில் செய்த வாகனத்தைக் கரையான் உள்ளிருந்தே தின்றுவிடும். மேலே வண்ணம் மட்டும் படமெடுத்து நிற்கும்.

அழியும் என்று தெரிந்த பொருளில் தெய்வத்தைச் செய்வது எப்படி? இதற்கு மிகத் துணிவான விடை தமிழ்நாட்டுக்கு வெளியே, பூரியில் இருக்கிறது. ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை, சுதர்சனம் நால்வரும் அங்கே வேப்பமரத் திருமேனிகள். பலபத்திரர் ஆதிசேஷனின் அவதாரம். ஆடி மாதத்துக்கு இணையான அவர்களது ஆஷாட மாதம் இரட்டித்து வரும் ஆண்டுகளில், பழைய திருமேனிகளுக்குப் பதிலாகப் புதியவை செய்யும் நவகளேபரம் நடக்கிறது. 1996-இல் நடந்தது, பிறகு 19 ஆண்டுகள் கழித்து 2015-இல் நடந்தது. புதிய மரங்களைத் தேடிப் புறப்படுகிறவர்கள் ஒவ்வொரு திருமேனிக்கும் தனித்தனி அடையாளங்களைப் பார்க்கிறார்கள். பலபத்திரருக்கான மரம் வெளிர்நிறப் பட்டையும் ஏழு கிளைகளும் கொண்டிருக்க வேண்டும். கிளைகள் மேலே நாகம் படமெடுத்தது போலக் கவிந்திருக்க வேண்டும். கலப்பை, உலக்கை அடையாளங்கள் மரத்தில் தெரிய வேண்டும். மரத்தின் அடியில் பாம்புப் புற்று இருப்பதும் நல்ல அடையாளம்.

இதை நினைத்துப் பாருங்கள். நாகத்தை உளி வந்து உண்டாக்குவதில்லை. மரத்தில் அது முன்பே இருக்கிறது, இருக்கிற மரத்தை மனிதர்கள் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு செதுக்குகிறார்கள். பழைய திருமேனியிலிருந்து, அதன் உயிராகக் கருதப்படும் பிரம்ம பதார்த்தம் நள்ளிரவில், கண்ணைக் கட்டிக்கொண்ட ஊழியர்களால் புதியதற்கு மாற்றப்படுகிறது. பழைய திருமேனிகளைக் கோயில் வளாகத்திலேயே கோயிலி வைகுண்டம் என்ற இடத்தில் அடக்கம் செய்கிறார்கள். பாம்பு சட்டையை உரித்துவிட்டுப் போவதை நம் மரபு எத்தனையோ இடத்தில் உயிருக்கும் உடலுக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறது. பூரியில் ஆதிசேஷனே மரச்சட்டையை மாற்றிக்கொள்கிறார். நாகர்கோவிலின் ஓலைக்கூரை ஆண்டுக்கொருமுறை செய்வதை, பூரியின் வேம்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்கிறது.

இன்னும் வடக்கே, காத்மாண்டு பள்ளத்தாக்கில், பாட்டன் நகரத்தின் மச்சேந்திரநாதர் தேரைச் சொல்லாமல் விட மனம் இல்லை. மழைக்கான திருவிழா அது. கோரக்நாதர் நாகங்களைக் கட்டிப்போட்டதால் பன்னிரண்டு ஆண்டு மழையில்லை என்றும், மச்சேந்திரநாதரை அழைத்துவந்த பயணத்தில் கார்க்கோடகன் துணைநின்றான் என்றும் அங்கே கதை. ஆகவே தேரின் அடியில் முன்னோக்கி வளைந்து எழும் மிகப்பெரிய மரத்தூலத்தைக் கார்க்கோடகனாகவே கொள்கிறார்கள். அதன் முகப்பில் பைரவர் முகம். அந்தத் தூலத்தில் செதிலும் இல்லை, படமும் இல்லை. ஒரு வளைந்த மரம், அவ்வளவே.  செதுக்காமலே நாகமாகிவிட்ட மரம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர் புங்கமதி என்ற சிற்றூரிலிருந்து புறப்படும். மரச்சிற்பிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். 2015 அந்தப் பன்னிரண்டாம் ஆண்டு. ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் புங்கமதிக் கோயில் இடிந்து விழுந்தது, தேர் வழியில் நின்றது. சில மாதங்கள் கழித்து அந்த மக்கள் அதை மறுபடி இழுத்துக்கொண்டு போனார்கள்.

இவ்வளவும் சொன்னது நம் ஊர் வாகன மண்டபத்துக்குத் திரும்பி வரத்தான்.

இன்று மரச்சிற்பத்தை உயிரோடு வைத்திருப்பவை சில ஊர்களே. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர், சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி, கள்ளக்குறிச்சி. அரும்பாவூருக்கு 2020-இலும் கள்ளக்குறிச்சிக்கு 2021-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையும் மாவும் வேம்பும் அங்கே கைக்கு வருகிற மரங்கள். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரியிலும் மரச்சிற்பம் கற்பிக்கிறார்கள். ஆக, கை இருக்கிறது. ஆனால் அந்தக் கைக்கு வருகிற வேலை பெரும்பாலும் வரவேற்பறைக்கான பிள்ளையாரும், சுவரில் மாட்டும் பள்ளிகொண்ட பெருமாளும்தான். இந்த வேலையைத் தாழ்வாகச் சொல்லவில்லை, குடும்பங்களுக்குச் சோறு போடுவது அது. ஆனால் சுவரில் மாட்டும் சேஷனுக்கு முதுகு வேண்டாம், குலுங்கும் கழுத்து வேண்டாம், அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்கேற்ற தாடை வேண்டாம். ஒரு தலைமுறை சுவர்ச் சிற்பம் மட்டும் செய்துவிட்டால், ஐந்து தலையின் நார் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்ற அறிவு எங்கே இருக்கும்? அது எந்த நூலிலும் எழுதி வைக்கப்படவில்லை. வாகனம் செய்யச் சொல்லி யாராவது வேலை கொடுத்தால்தான் அது கையிலிருந்து கைக்குப் போகும்.

அடுத்தது பூச்சு. கும்பாபிஷேகம் என்றால் வாகனங்களுக்கெல்லாம் எனாமல் பெயிண்ட். பக்தியோடுதான் செய்கிறார்கள், உபயதாரர் பெயரும் எழுதுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய பூச்சின்மேலேயே பூசுவதால் செதில்கள் மூடிப்போகின்றன. உதடும் கண்ணிமையும் வழவழவென்று ஒன்றாகிவிடுகின்றன. சிற்பி நிழல் தேங்குவதற்காக வெட்டிய பள்ளங்கள் தூர்ந்துபோகின்றன. பிறகு செதில் தெரியவில்லையே என்று அதன்மேல் கறுப்பு வண்ணத்தில் செதில் வரைகிறார்கள். அடியில் அருமையான செதில் இருக்கிறது. நான் பார்த்த ஒரு கிராமத்துக் கோயில் வாகனத்தில், வால் நுனியில் பூச்சு உரிந்திருந்த ஓரிடத்தில் மட்டும் பழைய வேலை தெரிந்தது. ஒவ்வொரு செதிலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய நரம்பு ஓடியது. விரல் நகத்தைவிடச் சிறிய செதில். பூச்சின் தடிமன் அந்தச் செதிலின் ஆழத்தைவிட அதிகம்.

பழையதானால் விற்றுவிடலாம் என்கிற எண்ணமும் இருக்கிறது. உடைந்த தேர்ப் பலகைகளும் வாகனத் தலைகளும் பழம்பொருள் சந்தைக்குப் போய், வெளிநாட்டு வரவேற்பறைகளில் மேசைக் காலாகவும் விளக்குத் தண்டாகவும் ஆகியிருக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த மரச்சிற்பமும் தொல்பொருளே. அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக எந்தத் தனியாருக்கும் உரிமை இல்லை. கல்லும் செம்பும் திருடுபோனால் பதறுகிற நாம், மரம் போனால் ‘பழைய மரம்தானே’ என்கிறோம். அந்தச் சொல்லை நாம் முதலில் விட வேண்டும்.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களும் உபயம் செய்கிறவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் நேராகவே கேட்கிறேன். பழைய நாக வாகனம் பழுதாகிவிட்டால் உடனே பூச்சுக்காரரை அழைக்காதீர்கள். ஒரு வாகனத் தச்சரை அழைத்துக் காட்டுங்கள். இணைப்பு தளர்ந்திருந்தால் இறுக்கலாம். ஒரு தலை போயிருந்தால் அந்த ஒரு தலையை மட்டும் செய்து சேர்க்கலாம். பூச வேண்டியிருந்தால் பழைய பூச்சை எடுத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதல் கூலி ஆகும், கொடுங்கள். புதிதாகத்தான் செய்தாக வேண்டும் என்றால், பழையதைக் கண்முன் வைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். அப்படிச் செய்யும்போது இளைய கை ஒன்று பட்டறையில் இருக்கட்டும். வாகனத்தைச் சுற்றி நான்கு பக்கமும், முக்கியமாகப் பின்பக்கத்தையும், படம் எடுத்து வையுங்கள். எந்த மரம், எந்த ஊர்த் தச்சர், எந்த ஆண்டு என்று பீடத்தின் அடியில் எழுதச் சொல்லுங்கள். உபயதாரர் பெயர் முன்னால் இருக்கட்டும், செய்தவர் பெயர் அடியிலாவது இருக்க வேண்டும். பழைய வாகனத்தை மடப்பள்ளி விறகோடு சேர்க்காமல், தரையில் படாதபடி கட்டைகள் மேல் ஏற்றி, காற்றோட்டமான ஓர் அறையில் வையுங்கள். அடுத்த வாகனம் செய்ய வருகிற தச்சர் அளவெடுக்க அது வேண்டும்.